இரண்டு வகுப்புகளை ஒரே பாத்திரத்தில் இணைப்பது எப்படி: கொழும்பு மேசைகளுக்கான மல்டிகிளாஸ் வழிகாட்டி

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டிக் கதை வளர்க்கும் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரு பாத்திரம் தான் தொடங்கிய வகுப்பிலேயே (போர்வீரர், மந்திரவாதி போன்ற தொழில்வகையிலேயே) இறுதிவரை வளரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிலை உயரும் ஒவ்வொரு தடவையும், பழைய வகுப்பில் அடுத்த நிலையை எடுப்பதா, புதிய வகுப்பொன்றில் முதல் நிலையை எடுப்பதா என்று ஆடுபவர் தெரிவுசெய்யலாம். மல்டிகிளாஸ் எனப்படும் இந்த விதி நூலில் சில பக்கங்களை மட்டுமே பிடிக்கிறது. ஆயினும் மேசையில் அதிகம் வாக்குவாதத்தைக் கிளப்புவதும், நன்றாக வளர்ந்துவந்த ஒரு பாத்திரத்தை நடுவழியில் எதற்கும் உதவாததாக ஆக்கிவிடுவதும் இந்தச் சில பக்கங்கள்தான்.

இணையத்தில் கிடைக்கும் மல்டிகிளாஸ் திட்டங்களில் பெரும்பாலானவை 20ஆம் நிலையை இலக்காக வைத்து எழுதப்பட்டவை. கொழும்பில் ஆடுபவர்கள் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. இங்கு ஒரு குழுவில் ஒருவர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க ஒதுங்குகிறார், இன்னொருவருக்குக் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ விசா கிடைத்துவிடுகிறது, மூன்றாமவரின் வேலை நேரம் மாறுகிறது. நான் அறிந்த கதைகளுள் 10ஆம் நிலையைத் தாண்டியவை அரிது. ஆகவே 14ஆம் நிலையில் மலரப்போகும் ஓர் இணைப்பு, அதுவரையிலான எல்லா ஆட்டங்களிலும் உங்களைப் பின்தங்கவைத்துவிட்டு, மலர்வதற்கு முன்னரே முடிந்துபோகும். கீழே சொல்லப்படுபவை அனைத்தும் ஒரே அளவுகோலின்படி எழுதப்பட்டவை: அடுத்த ஆட்டத்தில் அமரும்போது இந்தப் பாத்திரம் ஏதாவது ஒன்றை உருப்படியாகச் செய்யுமா என்பதே அது.

விதிகள் 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பைத் தழுவியவை. 2024 நூல் மாற்றிய இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். பாத்திரத்தின் வளர்ச்சியை ‘நிலை’ என்றும், மந்திரத்தின் வலுவை ‘படி’ என்றும் வேறுபடுத்தி எழுதுகிறேன். இவை இரண்டையும் ஒன்றாக நினைப்பதாலேயே பாதிக் குழப்பம் விளைகிறது.

எது மொத்த நிலையைப் பார்க்கிறது, எது வகுப்பின் நிலையைப் பார்க்கிறது

போர்வீரரான ஃபைட்டர் வகுப்பில் 5, கள்ளத் திறமைகளை நம்பும் றோக் வகுப்பில் 2 என்று இருக்கும் ஒருவர் 7ஆம் நிலைப் பாத்திரம். அடுத்த நிலைக்குத் தேவையான அனுபவப் புள்ளிகள் இந்த 7ஐக் கொண்டே கணிக்கப்படும். புதிய வகுப்பின் முதல் நிலை என்பதற்காக அது மலிவாகக் கிடைக்காது. தேர்ச்சி உள்ளவற்றில் பகடை வீச்சோடு சேரும் தேர்ச்சிப் புள்ளியும் மொத்த நிலையைச் சார்ந்தது: 1 முதல் 4 வரை +2, 5 முதல் 8 வரை +3, 9 முதல் 12 வரை +4 என்று அது உயர்கிறது. ஸ்லொட் (மந்திரம் செலுத்தச் செலவாகும் வாய்ப்பு) இன்றி எத்தனை தடவையும் பயன்படுத்தக்கூடிய கேன்ட்ரிப் மந்திரங்கள் 5, 11, 17ஆம் நிலைகளில் வலுப்பெறுவதும் மொத்தக் கணக்கின்படியே.

மற்ற எல்லாம், அதாவது சிறப்பாற்றல்கள், துணைவகுப்பு (வகுப்புக்குள் தெரிவுசெய்யும் சிறப்புப் பிரிவு), பண்புப் புள்ளிகளை உயர்த்தும் வாய்ப்பு ஆகியவை, அந்தந்த வகுப்பில் எத்தனையாவது நிலையில் இருக்கிறீர்கள் என்பதையே பார்க்கும். பண்புப் புள்ளி உயர்வு ஒரு வகுப்பின் 4, 8, 12, 16, 19ஆம் நிலைகளில் கிடைக்கிறது. ஃபைட்டருக்கு மேலதிகமாக 6இலும் 14இலும், றோக்குக்கு 10இலும் உண்டு. ஒரு வகுப்பில் 3, இன்னொன்றில் 3 என்று நிற்பவர் 6ஆம் நிலையை அடைந்தும் ஒரு தடவைகூடப் புள்ளி உயர்த்தியிருக்கமாட்டார். பக்கத்தில் இருப்பவர் 18 சுறுசுறுப்போடு அம்பெய்யும்போது நீங்கள் 16இலேயே நிற்பீர்கள். ஒவ்வொரு வீச்சிலும் ஒரு புள்ளி குறைவு என்பது கேட்கச் சிறிதாக இருந்தாலும், ஆட்டத்துக்கு ஆட்டம் உணரப்படும்.

தகுதி: 13 என்ற எண்

புதிய வகுப்புக்குள் நுழைய அதன் முதன்மைப் பண்பு 13ஆகவேனும் இருக்கவேண்டும்; ஏற்கெனவே இருக்கும் வகுப்பின் பண்பும் 13ஆகவேனும் இருக்கவேண்டும். இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பார்பேரியனுக்கு வலிமை, றோக்குக்குச் சுறுசுறுப்பு, விசார்டுக்கு அறிவு, கிளெரிக்குக்கும் ட்ரூயிட்டுக்கும் விவேகம், பார்ட், சோர்சரர், வார்லொக் ஆகிய மூவருக்கும் வசீகரம். ஃபைட்டருக்கு வலிமை அல்லது சுறுசுறுப்பு, இரண்டில் ஒன்று போதும். மொங்க்குக்கும் ரேஞ்சருக்கும் சுறுசுறுப்பு, விவேகம் இரண்டும் தேவை. பாலடினுக்கு வலிமையும் வசீகரமும்.

புள்ளி வாங்கும் முறையில் பாத்திரம் அமைப்பவர்களுக்கு 27 புள்ளிகள் உண்டு. ஒரு பண்பை 13ஆக ஆக்க 5 புள்ளிகள் செலவாகும். மொங்க்கையும் பாலடினையும் இணைக்க விரும்புபவருக்கு நான்கு பண்புகள் 13ஆக வேண்டும். வாசலைத் தாண்டுவதற்கே 20 புள்ளிகள் கரைந்துவிடும். மீதி 7ஐக் கொண்டு ஒன்றை உயர்த்தினால் தாங்குதிறனுக்கு அதிகம் மிஞ்சாது. இதனாலேயே நல்ல இணைப்புகள் பெரும்பாலும் ஒரே பண்பைப் பகிரும் வகுப்புகளுக்கிடையே அமைகின்றன: வசீகரத்தை நம்பும் நால்வர் ஒரு பக்கம், விவேகத்தை நம்பும் கிளெரிக், ட்ரூயிட், ரேஞ்சர், மொங்க் ஒரு பக்கம், சுறுசுறுப்பான ஃபைட்டரும் றோக்கும் ஒரு பக்கம். விசார்ட் இந்தக் கணக்கில் தனித்து நிற்கிறார். அவரோடு இணைப்பவர்கள் ஒரு 13ஐச் செலவாக ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்த வகுப்பில் தொடங்குவது

முதல் நிலையில் எடுக்கும் வகுப்பு மட்டுமே தன் தேர்ச்சிகள் அனைத்தையும் தரும். சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்ப வீசும் பகடை) தேர்ச்சி முதல் வகுப்பிலிருந்து மாத்திரமே வருகிறது. பின்னர் எத்தனை வகுப்புகளைச் சேர்த்தாலும் அது அதிகரிக்காது. ஃபைட்டராகத் தொடங்கினால் வலிமை, தாங்குதிறன். றோக்காகத் தொடங்கினால் சுறுசுறுப்பு, அறிவு. விசார்டாகத் தொடங்கினால் அறிவு, விவேகம். மந்திரத்தின் மீது மனத்தை ஒருமுகப்படுத்திக்கொண்டிருக்கும்போது அடிபட்டால், தாங்குதிறன் சேவிங் த்ரோவில் 10 அல்லது பட்ட சேதத்தின் பாதி, இவற்றில் எது பெரிதோ அதை எட்டவேண்டும். ஃபைட்டராக ஒரு நிலை தொடங்கிப் பின் விசார்டாவதைச் சிலர் விரும்புவது பெரும்பாலும் இந்த ஒரு சேவிங் த்ரோவுக்காகவே.

உயிர்ப்புள்ளியிலும் வரிசை கணக்கிடப்படும். பகடையின் முழு மதிப்பும் கிடைப்பது பாத்திரத்தின் முதலாவது நிலையில் மட்டுமே. ஃபைட்டர் முதலில், விசார்ட் பிறகு என்றால் 10உம் 4உமாக 14. விசார்ட் முதலில், ஃபைட்டர் பிறகு என்றால் 6உம் 6உமாக 12. தாங்குதிறன் இரண்டிலும் ஒரேயளவு சேரும்.

இரண்டாவதாக நுழையும் வகுப்பு தரும் தேர்ச்சிகள் சுருக்கமானவை. ஃபைட்டராகப் பின்னர் நுழைபவருக்கு இலகு, நடுத்தரக் கவசங்களும் கேடயமும் போர் ஆயுதங்களும் கிடைக்கும். கனரகக் கவசம் கிடைக்காது. றோக்காக நுழைபவருக்கு இலகு கவசம், ஒரு திறன், பூட்டுத் திறக்கும் கருவிகள். விசார்டும் சோர்சரரும் 2014 விதிப்படி எதையும் தரமாட்டார்கள். உங்கள் திட்டத்துக்குக் கனரகக் கவசம் அவசியமென்றால், அதைத் தரும் வகுப்பில் தொடங்குவதே எளிது.

ஐந்தாம் நிலைக்கு முன் பிரிவது ஏன் ஆபத்து

ஐந்தாம் பதிப்பில் 5ஆம் நிலை ஒரு பெரிய தாவல். ஃபைட்டர், பார்பேரியன், மொங்க், பாலடின், ரேஞ்சர் ஆகியோர் ஒரே முறையில் இரண்டு தடவை தாக்கத் தொடங்குவது அப்போதுதான். முழு மந்திரவாதிகளின் கைக்கு ஃபயர்போல் போன்ற மூன்றாம் படி மந்திரங்கள் வருவதும் அப்போதுதான். டஞ்சன் மாஸ்டர், அதாவது டி.எம்., கொண்டுவரும் எதிரிகளும் அந்த வலுவை எதிர்பார்த்தே வருவார்கள்.

மாறன் என்றொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். துறைமுகக் காவலனாக வேலை பார்த்துக் கள்ளக்கடத்தலின் நுணுக்கங்களைக் கற்றுக்கொண்ட ஒருவன். 7ஆம் நிலை, 18 சுறுசுறுப்பு, கையில் எண்முகப் பகடை சேதத்துடன் ஒரு ரேப்பியர் வாள். ஓர் அடிக்குச் சராசரி 4.5உடன் 4 சேர்ந்து 8.5. இவனை மூன்று விதமாக வளர்க்கலாம்.

முழுக்க றோக் 7 ஆக வளர்த்தால் ஒரு தாக்குதல், அதனுடன் ஸ்னீக் அட்டாக் (வாய்ப்பான தருணத்தில் றோக் சேர்க்கும் மேலதிகச் சேதம்) நான்கு ஆறுமுகப் பகடைகள். எல்லாம் பட்டால் சராசரி 22.5. ஃபைட்டர் 5, றோக் 2 ஆக வளர்த்தால் இரண்டு தாக்குதல்கள், ஃபைட்டர் தெரிவுசெய்யும் டூவலிங் சண்டைப் பாணியால் ஒவ்வோர் அடிக்கும் மேலும் 2, ஸ்னீக் அட்டாக்குக்கு ஒரு பகடை. இரண்டும் பட்டால் 21உம் 3.5உமாக 24.5. மூன்றாவதாக, ‘சமமாகப் பிரிப்போம்’ என்று நினைத்து ஃபைட்டர் 3, றோக் 4 ஆக வளர்த்தால் ஒரே தாக்குதல், டூவலிங் பாணியோடு 10.5, ஸ்னீக் அட்டாக் இரண்டு பகடைகள் 7, மொத்தம் 17.5. இரண்டு துணைவகுப்புகள் கையில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அடிப்படை வலுவில் மூவரிலும் கடைசி இவன்தான்.

முதல் இரண்டு எண்களும் அருகருகே இருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முழு றோக்கின் ஒற்றைத் தாக்குதல் தவறினால் அந்த முறை முழுவதும் வீண். ஃபைட்டர் மாறனுக்கோ இரண்டாவது வீச்சு இருக்கிறது, ஸ்னீக் அட்டாக்கை எந்த அடி படுகிறதோ அதில் சேர்த்துக்கொள்ளலாம். மறுபுறம், முழு றோக் 7 பாதிச் சேதத்தோடு தப்பும் அன்கேனி டொட்ஜ், நெருப்பிலும் மின்னலிலும் இருந்து காக்கும் இவேஷன் ஆகியவற்றை வைத்திருக்கிறார். ஃபைட்டர் மாறனுக்கு அவை இல்லை. ஃபைட்டரின் 2ஆம் நிலையில் வரும் அக்ஷன் சர்ஜைப் பயன்படுத்தினால், ஓர் ஓய்வுக்கு ஒரு தடவை நான்கு தாக்குதல்கள் கிடைக்கும். அப்போதும் ஸ்னீக் அட்டாக் ஒரு முறைக்கு ஒரு தடவை என்ற வரம்பு நீடிக்கும். அது இரட்டிப்பாகும் என்று எண்ணிக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவார்கள்.

என் தீர்ப்பு இதுதான்: முதல் வகுப்பில் 5 வரை போய்விட்டுப் பிரியுங்கள். தொடக்கத்திலேயே ஒரே ஒரு நிலையை வேறு வகுப்பில் எடுப்பது விதிவிலக்கு; ஒரு நிலை தாமதத்தைச் சமாளிக்கலாம். பாலடினாக இருப்பவர் 5இல்கூட நிற்காமல் 6 வரை போகவேண்டும், ஏனெனில் 6ஆம் நிலையில் வரும் பாதுகாப்பு ஒளிவட்டம் அவருடைய வசீகரத்தை அவருக்கும் 10 அடிக்குள் நிற்கும் தோழர்களுக்கும் எல்லா சேவிங் த்ரோக்களிலும் சேர்த்துக்கொடுக்கிறது. முழு மேசையும் நன்றி சொல்லும் ஆற்றல் அது; அதற்கு ஒரு நிலை முன்னதாக விலகுவது எனக்குச் சற்றும் விளங்காத காரியம்.

மந்திரவாதிகளை இணைக்கும்போது

இங்கு இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. எந்த மந்திரங்களை அறிந்திருக்கிறீர்கள் அல்லது ஆயத்தம் செய்யலாம் என்பதை ஒவ்வொரு வகுப்புக்கும் வேறாக, அந்த வகுப்பு மட்டுமே உங்களிடம் இருப்பதுபோலப் பார்க்கவேண்டும். மந்திரம் செலுத்தச் செலவாகும் ஸ்லொட்டுகளையோ எல்லா வகுப்புகளையும் கூட்டிப் பார்க்கவேண்டும். பார்ட், கிளெரிக், ட்ரூயிட், சோர்சரர், விசார்ட் நிலைகள் முழுமையாகச் சேரும். பாலடின், ரேஞ்சர் நிலைகளில் பாதி சேரும். மந்திரமும் செலுத்தும் எல்ட்ரிச் நைட் (ஃபைட்டர்), ஆர்க்கேன் ட்ரிக்ஸ்டர் (றோக்) துணைவகுப்புகளுடைய நிலைகளில் மூன்றில் ஒன்று சேரும். பின்னம் வந்தால் 2014 விதிப்படி கீழ்நோக்கி முழுதாக்கவேண்டும்; பாலடின், ரேஞ்சர் இருவருக்கும் 2024 நூல் அதை மேல்நோக்கி மாற்றிவிட்டது.

ஆதிரை என்ற பாத்திரம் கிளெரிக் 3, விசார்ட் 4 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 7, மல்டிகிளாஸ் அட்டவணையில் 7க்கு எதிரே முதற்படி ஸ்லொட்டுகள் 4, இரண்டாம் படி 3, மூன்றாம் படி 3, நான்காம் படி 1 என்று இருக்கும். தனி விசார்ட் 7 வைத்திருக்கும் அதே எண்ணிக்கை. ஆனால் கிளெரிக் 3 ஆயத்தம் செய்யக்கூடியது இரண்டாம் படி வரையே, விசார்ட் 4உம் இரண்டாம் படி வரையே. நான்காம் படி ஸ்லொட் கையில் இருந்தும் மூன்றாம் படி மந்திரம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஃபயர்போல் சுருள் ஒன்று கிடைத்தாலும் அதைத் தன் மந்திரப் புத்தகத்தில் பிரதிசெய்யமுடியாது, ஏனெனில் புத்தகமும் விசார்ட் 4 என்பதையே பார்க்கும். உயர்ந்த ஸ்லொட்டுகளைத் தாழ்ந்த மந்திரங்களை வலுவாகச் செலுத்த மட்டுமே அவள் பயன்படுத்தலாம். குணமாக்கும் மந்திரங்கள் இதில் ஓரளவு பயன்தரும். பல மந்திரங்கள் தராது.

ஆதிரையைத் திருத்தி அமைப்பதானால், கிளெரிக் 1 தொடங்கி மீதி எல்லாவற்றையும் விசார்டாக எடுப்பேன். அந்த ஒரு நிலைக்கு நடுத்தரக் கவசமும் கேடயமும் கிடைக்கின்றன, விழுந்த தோழரைப் போனஸ் அக்ஷனில் (ஒரு முறையில் கிடைக்கும் மேலதிகச் சிறு செயலில்) எழுப்பும் ஹீலிங் வேர்டும், விவேகத்தை நம்பாத பிளஸ்ஸும் கிடைக்கின்றன. கவசத்தில் தேர்ச்சி இருந்தால் விசார்டின் மந்திரங்களையும் கவசத்தோடு செலுத்தலாம். ஸ்லொட் எதுவும் இழக்கப்படுவதில்லை. புதிய படி மந்திரங்கள் ஒரு நிலை பிந்தி வருகின்றன, அவ்வளவே. மேசை 5ஆம் நிலையை அடையும் அந்த ஒரு கட்டத்தில் மட்டும், மற்றவர்கள் தாவும்போது நீங்கள் காத்திருக்கவேண்டியிருக்கும்.

கைகளைப் பற்றிய ஒரு சிறு விடயம் இவ்விணைப்பில் அடிக்கடி சிக்கலாகிறது. கேடயத்தில் பொறித்த புனிதச் சின்னம் கிளெரிக் மந்திரங்களின் பொருள் தேவைக்குப் போதும். விசார்ட் மந்திரங்களுக்கு அது செல்லாது. விசார்டுக்கு ஆர்க்கேன் ஃபோக்கஸ் (மந்திரக்கோல் போன்ற கருவி) ஒன்றோ, பொருட்பையோ வேண்டும். பொருட்பை இரு வகுப்புகளுக்கும் உதவும் என்பதால் மல்டிகிளாஸ் மந்திரவாதிகள் அதை வாங்கிவிடுவது நல்லது.

வார்லொக் மேற்சொன்ன கூட்டலில் சேருவதில்லை. அவருடைய பெக்ட் மெஜிக் ஸ்லொட்டுகள் தனியாக நிற்கும், குறு ஓய்வில் திரும்பி வரும். எனினும் அந்த ஸ்லொட்டுகளால் மற்ற வகுப்பின் மந்திரங்களையும், மற்ற ஸ்லொட்டுகளால் வார்லொக் மந்திரங்களையும் செலுத்தலாம். வார்லொக் 2 எடுத்தால் ஒவ்வொரு குறு ஓய்வுக்கும் இரண்டு முதற்படி ஸ்லொட்டுகள், கூடவே எல்ட்ரிச் பிளாஸ்ட். அந்தக் கேன்ட்ரிப் மொத்த நிலையோடு வளர்வதாலும், அகனைசிங் பிளாஸ்ட் என்ற வார்லொக் ஆற்றல் வசீகரத்தை ஒவ்வொரு கதிருக்கும் சேர்ப்பதாலும், இரண்டு நிலைகளில் நீண்டகாலம் நிற்கக்கூடிய ஓர் ஆயுதம் கிடைத்துவிடுகிறது. சோர்சரர், பார்ட், பாலடின் ஆகிய மூவரும் இந்த வாசலில் வரிசையில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் குறு ஓய்வு உங்கள் மேசையில் நடக்கிறதா? குறு ஓய்வு கதைக்குள் ஒரு மணிநேரம். போயா தினத்தில் காலையிலேயே கூடிப் பொழுதுசாயும்வரை ஆடும் குழு, நீண்ட நிலவறையொன்றில் மூன்று நான்கு சண்டைகளைச் சந்தித்து, இடையிடையே ஓய்வெடுக்கும். வேலை முடிந்து காலி வீதி நெரிசலைக் கடந்து வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஏழு மணிக்கு அமர்ந்து, பத்து மணிக்கு எழும் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரே பெரிய சண்டைதான், அதன்பின் நெடு ஓய்வு. இரண்டாவது வகைக் குழுவில் வார்லொக், மொங்க், ஃபைட்டர் நிலைகளின் மதிப்புக் குறைகிறது. நெடு ஓய்வில் நிரம்பும் சோர்சரரும் பாலடினும் எல்லாவற்றையும் ஒரே சண்டையில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். எந்த இணையத் திட்டமும் உங்கள் குழுவின் இந்தப் பழக்கத்தை அறிந்து எழுதப்படவில்லை.

ஒன்றோடொன்று சேராதவை

இரண்டு வகுப்புகளிலிருந்து, இரண்டாவது தாக்குதலைத் தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் வந்தாலும் தாக்குதல் இரண்டுதான். மூன்றாவது வேண்டுமானால் ஃபைட்டரில் 11 வரை போகவேண்டும். கவசமற்ற தற்காப்பை ஒரு வகுப்பிலிருந்து பெற்றவர் இன்னொன்றிலிருந்து மறுபடி பெறமுடியாது. ஆகவே மொங்க்காகத் தொடங்கிப் பார்பேரியனானவர் மொங்க்கின் முறையையே வைத்திருப்பார். பார்பேரியன் சீற்றத்தில் இருக்கும்போது மந்திரம் செலுத்தவும் முடியாது, செலுத்திய மந்திரத்தின் மீது மனத்தை நிறுத்திவைக்கவும் முடியாது. ஒரு முறைக்குப் போனஸ் அக்ஷன் ஒன்றே. இரு வகுப்புகளும் அதையே கேட்டால் ஒன்று எப்போதும் வீணாகும். 2024 விதியில் பாலடினின் டிவைன் ஸ்மைட் போனஸ் அக்ஷன் கேட்கும் மந்திரமாகிவிட்டதால், பழைய பாலடின் இணைப்புத் திட்டங்கள் பலவற்றைத் திரும்பக் கணக்கிடவேண்டியிருக்கிறது.

சேரமாட்டா என்று தோன்றிச் சேர்பவையும் உண்டு. பார்பேரியன் 2இன் ரெக்லெஸ் அட்டாக் தாக்குதலுக்குச் சாதக நிலையை (இரு பகடை வீசிப் பெரியதை எடுப்பதை) தருகிறது. சாதக நிலை இருந்தால் ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். ஸ்னீக் அட்டாக்குக்கு ரேப்பியர் போன்ற ஃபினெஸ் வகை ஆயுதம் வேண்டுமென்று விதி சொல்கிறதே தவிர, அதைச் சுறுசுறுப்பைக் கொண்டுதான் வீசவேண்டுமென்று சொல்லவில்லை. வலிமையால் வீசினால் சீற்றத்தின் சேதமும் சேரும். கொழும்பு மேசைகளில் அதிகம் காணக்கிடைக்காத இந்த இணைப்பை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

டி.எம்.மிடம் எப்போது, எப்படிக் கேட்பது

2014 நூல் மல்டிகிளாஸை விருப்ப விதியாகவே வைத்திருக்கிறது, டி.எம். அனுமதித்தால்தான் உண்டு. நிலை உயர்ந்த இரவில் திடீரென்று ‘நான் இனி வார்லொக்’ என்று அறிவிப்பதைவிட, இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு முன்பே, ‘அண்ணா, அடுத்த நிலையில் வார்லொக் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன், கதைக்குள் அதற்கு ஒரு வழி வைத்துத்தர முடியுமா?’ என்று கேட்டுவிடுவது நல்லது. வார்லொக்குக்கு ஓர் ஒப்பந்தக்காரர் வேண்டும், பாலடினுக்குச் சபதம் வேண்டும். முன்கூட்டியே சொன்னால் டி.எம். அதைக் கதைக்கே தீனியாக்கிவிடுவார். எந்த ஆண்டின் நூலை மேசை பின்பற்றுகிறது என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். 2024 நூலில் எல்லா வகுப்புகளும் துணைவகுப்பை 3ஆம் நிலையில் எடுக்கின்றன. 2014இல் கிளெரிக், சோர்சரர், வார்லொக் ஆகியோர் முதல் நிலையிலேயே எடுத்தார்கள். ஒரே ஒரு நிலைக்காக எட்டிப்பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றம் பெரிது.

நூலை இறக்குமதி விலை கொடுத்து வாங்கமுடியாதவர்கள் அடிப்படை விதிகளின் இலவசத் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1 ஆவணத்தைப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் அது கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் விடப்பட்டது. மல்டிகிளாஸ் விதிகளும் ஸ்லொட் அட்டவணையும் அதில் முழுமையாக உள்ளன. துணைவகுப்பு மட்டும் வகுப்புக்கு ஒன்றுதான் இருக்கும்.

இதே வகையைச் சேர்ந்த வேறோர் ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பை ஆடும் மேசைகளுக்கு இங்கு சொன்னவை பொருந்தா. 2019இல் வந்த அந்த ஆட்டத்தில் பாத்திரத்தின் வகுப்பு மாறுவதே இல்லை. 2ஆம் நிலையிலிருந்து சொந்த வகுப்பின் ஃபீட் (தெரிவுசெய்து பெறும் சிறப்புத்திறன்) ஒன்றை விட்டுக்கொடுத்து, மற்ற வகுப்பின் டெடிகேஷன் ஃபீட்டை எடுக்கவேண்டும். அதே வரிசையில் இன்னும் இரண்டு ஃபீட்டுகளை எடுக்கும்வரை மூன்றாவது வகுப்பை நாடமுடியாது. பாத்திரத்தைக் கெடுத்துக்கொள்வது அங்கு மிகக் கடினம்; துணிச்சலான இணைப்புகளும் அதே அளவுக்கு அரிது. பழைய நூல்களை வைத்து ஆடுபவர்களுக்கு நிலைமை வேறு: 1978ஆம் ஆண்டின் விதியில் மனிதரல்லாதோர் அனுபவப் புள்ளிகளைத் தங்கள் வகுப்புகளுக்கிடையே சமமாகப் பங்கிட்டு வளர்ந்தார்கள், மனிதர்கள் பழைய வகுப்பின் முதன்மைப் பண்பில் 15உம் புதியதில் 17உம் வைத்திருந்தால்தான் வகுப்பு மாறமுடிந்தது. நிலைக்கு நிலை தெரிவுசெய்யும் இன்றைய முறை 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்போடு வந்தது.

தாளில் எழுதும் முறை

வகுப்புக் கட்டத்தில் ‘ஃபைட்டர் 5 / றோக் 2’ என்று, தொடங்கிய வகுப்பை முதலில் வைத்து எழுதுங்கள். சேவிங் த்ரோ எங்கிருந்து வந்தது என்பது பின்னர் எவருக்கும் ஐயமில்லாமல் தெரியும். உயிர்ப் பகடைகளைக் கூட்டி ஏழு என்று எழுதாமல், பத்துமுகம் ஐந்து, எண்முகம் இரண்டு என்று பிரித்தே எழுதவேண்டும், ஏனெனில் குறு ஓய்வில் எந்தப் பகடையைச் செலவழிக்கிறீர்கள் என்பது ஒவ்வொரு தடவையும் உங்கள் தெரிவு. மந்திரம் உள்ள இணைப்பானால், ஒவ்வொரு மந்திரத்தின் பக்கத்திலும் அது எந்த வகுப்பின் மந்திரம் என்று குறியுங்கள். ஆதிரையின் ஹீலிங் வேர்ட் விவேகக் கணக்கிலும், விசார்ட் மந்திரங்கள் அறிவுக் கணக்கிலும் வரும். ஸ்லொட்டுகளை ஒரே வரிசையிலும், வார்லொக் ஸ்லொட்டுகள் இருந்தால் அவற்றை வேறு வரிசையிலும் பென்சிலால் குறியுங்கள். பண்புப் புள்ளி உயர்வு அடுத்து எந்த வகுப்பின் எந்த நிலையில் வருகிறது என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தால், நிலை உயரும் இரவில் மற்றவர்களைக் காக்கவைத்துப் புத்தகம் புரட்ட நேராது.